வளையத்தில் இடமில்லை

வளைய ஊசி வந்த பிறகு மலையில் யாரும் முகமூடி போடுவதில்லை.

முதல் சீசனில் சிலர் பழக்கத்தை விட முடியாமல் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த சீசனில் எஸ்டேட் அலுவலகம் முகமூடி வாங்குவதையே நிறுத்திவிட்டது. பூச்சிமருந்து அடிக்கும் நாட்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. டிரம்மில் கலக்கும் அளவு கூடியது. ஏலச் செடிகளின் மேல் மருந்து வெள்ளைப் புகையாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியில் குனிந்து பெண்கள் காய் எடுத்தார்கள். யாருக்கும் தலை சுற்றவில்லை. யாரும் வாந்தி எடுக்கவில்லை. பூச்சிகள் மட்டும் சத்தமில்லாமல் உதிர்ந்தன.

அந்த ஊசியை மலையடிவாரத்துக் கம்பம் ஊருக்குக் கொண்டுவந்தவள் டாக்டர் லிடியா. மலையேறும் ஜீப்புகள் காலையில் வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே ஊசி செய்த கம்பெனி அவளுக்கு ஒரு சின்ன கிளினிக் அமைத்துக் கொடுத்திருந்தது.

ஊசியில் இருந்தது சர்க்கரைதான். மரவள்ளி மாவிலிருந்து எடுத்த ஏழு சர்க்கரைகள் கைகோத்து வட்டமாக நிற்கும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று பெயர். வட்டத்தின் வெளிப்பக்கம் தண்ணீரோடு பழகும். உட்பக்கம் தண்ணீரை விரும்பாது. எண்ணெய்த் தன்மையுள்ள சின்ன மூலக்கூறு ஒன்று ரத்தத்தில் மிதந்து வந்தால், மழையில் நனைந்து வந்தவன் கூரையைக் கண்டதுபோல உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த விஷம் நரம்பைத் தொடாது. உடம்புக்கு அங்கே தெரிவதெல்லாம் சர்க்கரை மட்டுமே. சாதாரண வளையங்கள் சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். அவற்றைப் போகவிடாமல் ரத்தத்திலேயே வருடக்கணக்கில் தங்க வைத்ததுதான் கம்பெனியின் சாமர்த்தியம்.

இதையெல்லாம் லிடியா முதல் நாள் ஜீப் பெண்களிடம் சொன்னபோது, ஜீப்புக்குத் தலைவியான குருவம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஆக, ரத்தத்துக்குள்ள ஒரு குட்டி ஜீப்பு ஓடும். அதுல மருந்து ஏறி உக்காந்துக்கிடும். அதானே டாக்டரம்மா?"

"அதேதான். ஒரு வளையத்துல ஒரு ஆள்தான் உட்கார முடியும்."

"குடுத்து வச்ச மருந்து! எங்க ஜீப்புல பதினாறு பேரு ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து போறோம்."

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் கையை நீட்டவில்லை. அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட்டிலிருந்து எது வந்தாலும், டீயோ பன்னோ தீபாவளி மிச்சரோ, கொண்டுவந்தவர் முதலில் வாயில் போட வேண்டும். எப்போதோ பூச்சிமருந்து டப்பா பட்ட பாலில் டீ போட்டுக் கொடுத்து, பாதிப் பேர் படுத்துவிட்டதிலிருந்து வந்த வழக்கம்.

"வெறும் சர்க்கரைங்குறீங்க. அப்ப மொதல்ல நீங்க போட்டுக்குங்க. நாங்க பாக்குறோம்" என்றாள் குருவம்மாள்.

லிடியா சட்டென்று ஸ்லீவை மடித்து நர்ஸிடம் கையைக் கொடுத்தாள். ஊசி இறங்கும்போது அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு வரிசை தெருமுனை வரை நீண்டது.

மூன்று வருடங்கள் போயின.

குருவம்மாளின் தம்பி மனைவி தமயந்தியும் அதே ஜீப்பில் மலையேறுபவள்தான். மருந்தடிக்கும்போது ஓஸ் பிடிப்பது அவள் வேலை. கணவன் எர்ணாகுளத்தில் கொத்தனார். அவள் வாயும் வயிறுமாக ஆனபோது குருவம்மாளைவிட லிடியாதான் அதிகம் பதறினாள். அதற்குக் காரணம் இருந்தது. லிடியாவுக்கு அந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மதுரைக்கும் வேலூருக்கும் போய் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டாவது தடவை அவள் படுத்திருந்தபோது குருவம்மாள் தூக்குவாளியில் நாட்டுக்கோழிச் சாறு கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும் வரை கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அதனால் லிடியாவே எஸ்டேட் மேனேஜருக்குப் போன் செய்தாள். "தமயந்திக்கு இனி ஓஸ் வேண்டாம். ஸ்டோரில் போடுங்கள்."

காய் உலர்த்தும் இடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். வெளியே எலும்பு வரை இறங்கும் பனி, உள்ளே கதகதப்பு. தட்டுத் தட்டாகப் பச்சைக் காய் பரப்பியிருக்கும். சூடான காற்று அடியிலிருந்து ஏறி வர, வாசனை சுவரெல்லாம் படிந்து, கதவைத் திறந்தால் கையால் விலக்கிக்கொண்டு போகலாம் போல அடர்த்தியாக நிற்கும். உட்கார்ந்த இடத்தில் காய் பொறுக்கும் வேலை.

"கலெக்டர் உத்தியோகம்டி ஒனக்கு" என்று ஜீப்பில் கேலி செய்தார்கள். "நாளைக்கு எங்களையெல்லாம் அடையாளம் தெரியுமா?"

"வரிசையில வந்து மனு குடுங்க, பாக்குறேன்" என்றாள் தமயந்தி.

சில வாரங்களில் ஒருநாள் ஸ்டோரிலேயே வாந்தி எடுத்துக் கீழே சரிந்தாள். கண்மணிகள் கடுகாகச் சுருங்கியிருந்தன; எச்சில் நிற்காமல் வடிந்தது. பூச்சிமருந்து ஏறியவர்களுக்கு வரும் அறிகுறிகள். லிடியா அதற்கு முறிவான அட்ரோபின் கொடுத்தாள், தமயந்தி மறுநாள் தெளிந்துவிட்டாள். ஓஸைத் தொட்டே பல நாள் ஆனவளுக்கு மருந்து எங்கிருந்து ஏறியது? ஸ்டோர்க் காயைச் சோதனைக்கு அனுப்பினாள். அதில் இருந்த பூச்சிமருந்து மிகக் கொஞ்சம். ஒருவரை விழ வைக்கும் அளவில்லை. ஏதோ பழைய மருந்து டப்பாவைத் தொட்டிருப்பாள் என்று முடிவு செய்து, வீட்டில் ஓய்வெடுத்தவளை அவளே திரும்பவும் ஸ்டோருக்குப் போகச் சொன்னாள்.

இரண்டாவது தடவை அவள் விழுந்த அன்று ஜீப் மத்தியானமே இறங்கி வந்தது. குருவம்மாளின் மடியில் தமயந்தி கிடந்தாள். கைகால் தசைகள் தோலுக்கடியில் தனித்தனியே துடித்துக்கொண்டிருந்தன.

"அன்னைக்கு மாதிரியேதான் டாக்டரம்மா. இன்னைக்குப் பேச்சே வரமாட்டேங்குது."

கட்டிலில் போட்டு வாயைத் துடைத்தபோது லிடியாவின் விரலில் பச்சைத் தோல் ஒன்று ஒட்டியது. கிளினிக் முழுக்க ஏலக்காய் மணத்தது.

"வாயில என்ன?"

"ஏலக்காதான். மசக்கை வாந்திக்கு அது நல்லா கேக்கும்ல? வண்டியில வர வர ரெண்டு ரெண்டா மெல்லக் குடுத்தேன்." குருவம்மாள் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். "குடுக்கக் குடுக்க அதிகமாத்தான் ஆகுது."

அட்ரோபின் மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டிருந்த லிடியா திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கும் குடுத்தீங்களா?"

"ஸ்டோர்ல எல்லாரும் குடுத்தாங்க."

லிடியா தமயந்தியின் நரம்பில் மருந்தை ஏற்றிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். கை இரண்டும் வேண்டியிருந்தது. சென்னையில் எடுத்தவன் பரணிதரன். வளையத்தை வடிவமைத்த குழுவில் ஒருவன்.

"பரணி, வளையத்துக்குள்ள போய் உட்கார்ந்த மருந்து திரும்ப வெளிய வருமா?"

"தானா வராது டாக்டர். அதைவிடக் கச்சிதமா உட்காரக்கூடிய ஒண்ணு உள்ள வந்தா, இருக்குறது எழுந்து இடம் விட்டுடும்."

"எந்த மாதிரி?"

"கற்பூரம். யூகலிப்டஸ் தைலத்துல இருக்குற சினியோல். அந்த அளவு, அந்த உருண்டை வடிவம்."

"ஏலக்காய்ல என்ன இருக்கு?"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏலக்காய் வாசனையில பெரும்பங்கு சினியோல்தான்." பிறகு அவசரமாகச் சொன்னான். "ஆனா செடிகிட்ட நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த அளவு போதாது. நாள் முழுக்க உலர்த்துற ரூம்ல மூச்சு விட்டுக்கிட்டு, அதோட காயையும் மென்னு தின்னாத்தான்... வாந்தி எடுக்குற நேரத்துல அப்படி யாராவது செய்வாங்களா?"

"எங்க ஊர்ல எல்லாரும் அதைத்தான் செய்வாங்க" என்றாள் லிடியா.

தமயந்தியின் காலைப் பிடித்தபடி குருவம்மாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க. நூத்துல ரெண்டு மூணு வளையம்தான் காலியாகியிருக்கும். உங்ககிட்ட அவசரத்துக்குன்னு புது வளையம் அனுப்பியிருக்கோம்ல? அதைப் போடுங்க. வெளிய வந்த விஷத்தைப் பத்து நிமிஷத்துல பிடிச்சிடும்."

நர்ஸ் அதற்குள் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்துவிட்டாள். லிடியா அதை வாங்கிக்கொண்டே சொன்னாள். "நாலு மாசம், பரணி. கர்ப்பம்."

"ஐயோ, அப்ப போடாதீங்க."

"ஏன்?"

"காலி வளையம் சும்மா இருக்காது டாக்டர். கருவைத் தாங்குற ஹார்மோன் இருக்கே, அதுவும் அதுக்குள்ள நல்லா உட்காரும். எலியில பார்த்தோம். கரு நிக்கல."

"எப்பப் பார்த்தீங்க?"

"ஆரம்பத்துலயே. ஆனா அது ஒரு பிரச்சினையா தெரியல. தோட்டத்துல வளையம் எத்தனை நாளைக்குக் காலியா இருக்கும்? ஒரு மாசத்துல மருந்து நிறைஞ்சுடும். மருந்து ஹார்மோனைவிட இறுக்கமா உட்காரும். அதுக்கப்புறம் ஹார்மோனுக்கு அங்க இடமில்லை. அந்தப் பொண்ணுங்களுக்குக் குழந்தை பிறந்துட்டுத்தானே இருக்கு? தோட்டத்துல வேலை செய்யாத யாரு இந்த ஊசியைப் போட்டுக்கப் போறாங்க?"

லிடியா கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

"டாக்டர்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அப்புறம் பேசுறேன்."

அவள் குனிந்து தமயந்தியின் முகத்தருகே பேசினாள். "இந்த ஊசியப் போட்டா நீ பொழச்சுக்குவே. பிள்ளை தங்காது. போடலன்னா, இந்த அட்ரோபினையே மறுபடி மறுபடி ஏத்திப் பார்க்கணும். என்னால உறுதி சொல்ல முடியாது."

"போடுங்க" என்றாள் குருவம்மாள். "புள்ள இன்னொண்ணு பெத்துக்கிடலாம். இவ போயிட்டா என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

தமயந்தியின் துடிக்கும் கை எழுந்து, குப்பி இருந்த லிடியாவின் கையை நெஞ்சிலிருந்து தள்ளியது.

"வேணாம் மதினி."

"வாயில நொர தள்ளுது, இதுல பேச்சப் பாரு இவளுக்கு!" என்று குருவம்மாள் அழுதாள்.

லிடியா குப்பியை ஃபிரிட்ஜில் திரும்ப வைத்தாள். பிறகு எல்லா ஜன்னலையும் திறந்தாள். தமயந்தியின் வாயைக் கழுவினாள். சேலையை உருவி வெளியே எறியச் சொன்னாள். நர்ஸ் அவள் தலைமுடியை சோப்புப் போட்டு அலசினாள். அப்போதும் வாசனை போகவில்லை. லிடியா நிமிர்ந்து பார்த்தாள்.

"குருவம்மா, நீங்க வெளிய போங்க."

"நான் எங்க போறது? இவ கையப் புடிச்சுக்கிட்டு இங்கயே இருக்கேன்."

"உங்க சேலை, உங்க முடி, எல்லாம் ஏலக்காய். நீங்க பக்கத்துல இருந்தா அவளுக்கு இன்னும் ஏறும்."

குருவம்மாள் தன் முந்தானையை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அந்த வாசனைக்குள்ளேயே அவள் வயது பாதி போயிருந்தது. மெதுவாகப் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனாள்.

தெருவில் ஜீப் பெண்கள் கூடியிருந்தார்கள். கிட்ட வர வேண்டாம் என்று குருவம்மாள் எதிர்ப்பக்கச் சுவரோரம் அவர்களை விரட்டினாள். தேங்காய் எண்ணெயும் ஏலக்காயும் மணக்கும் பெண்கள், தொற்றுநோய் கண்டவர்கள்போலத் தள்ளி நின்று கிளினிக் ஜன்னலைப் பார்த்தார்கள். குருவம்மாள் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்தாள். நர்ஸ் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து எதிர்ச்சுவரிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"என்னக்கா, நீயே ஆப்பரேசன் பண்ணப் போறியா?"

"ஆமாடி. அடுத்தது ஒன் வாயத் தைக்கணும், வரிசையில நில்லு" என்றாள் குருவம்மாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாலை வெயில் சுவரில் சாயும்வரை லிடியா நாடியைப் பிடித்தபடி அட்ரோபினை ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் மூச்சில் இருந்த களகளப்பு குறைந்தது. பிறகு துடிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின, காற்று நின்ற பிறகு இலைகள் அடங்குவதுபோல. கடுகாக இருந்த கண்மணிகள் விரிந்தன. தமயந்தி "தண்ணி" என்றாள்.

லிடியா அவள் அடிவயிற்றில், கருவின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்துத் தேடினாள். முதலில் இரைச்சல். பிறகு எங்கோ தூரத்தில் ஒரு குதிரை ஓடி வரும் சத்தம். தமயந்தி அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

குருவம்மாளும் லிடியாவும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இனி என்ன செய்யணும்?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"ஏலக்காய் பக்கம் போகக் கூடாது. கற்பூரம், தைலம் எதுவும் ஆகாது. உள்ள இருக்குற விஷம் அப்படியே இருக்கட்டும். பிள்ளை பிறக்குற வரைக்கும் அவ உடம்பு நிறைஞ்சே இருக்கணும்."

குருவம்மாள் தலையாட்டினாள். தமயந்தியின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"போன்ல பேசுனாரே ஒருத்தரு. தோட்டத்துல வேல செய்யாத யாரு இந்த ஊசியப் போட்டுக்கப் போறாங்கன்னு கேட்டாரு."

லிடியா தமயந்தியின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"நாங்கதான டாக்டரம்மா ஒங்களப் போட்டுக்கச் சொன்னோம்."

"நீங்க சொல்லலன்னாலும் போட்டிருப்பேன்."

"இல்ல. போட்டிருக்க மாட்டீங்க." குருவம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அந்த ரெண்டு தடவையும்..."

"ஆமா குருவம்மா. என்னோட வளையமெல்லாம் காலி."

குருவம்மாள் எழுந்து சுற்றி வந்து, அன்று போலவே அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த சில நாட்களில் லிடியா கம்பெனிக்கும் எஸ்டேட் அலுவலகத்துக்கும் எல்லாவற்றையும் எழுதினாள். ஊசியை நிறுத்துங்கள், பழைய முகமூடிகளைத் திரும்பக் கொடுங்கள், மருந்தின் அளவைக் குறையுங்கள் என்றாள். நன்றி சொல்லிக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இனி ஸ்டோர் வேலைக்கு ஊசி போடாதவர்களை மட்டும் எடுக்கச் சொல்லியிருப்பதாகவும், கர்ப்பிணிகள் மருந்தடிக்கும் பக்கமே தொடர்வது பாதுகாப்பானது என்றும் அதில் இருந்தது. லிடியா ஒவ்வொரு ஜீப்பாக ஏறி, வாந்தி வந்தால் ஏலக்காய் மெல்லாதீர்கள் என்று சொன்னாள். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். மருந்துப் புகை மட்டும் முன்பு போலவே இறங்கியது.

பரணிதரனை அவள் மறுபடி ஒருமுறை அழைத்தாள்.

"வளையம் உடம்பை விட்டுப் போக எத்தனை வருஷம் ஆகும்?"

"பத்து, பன்னிரண்டு. சரியா தெரியாது. இன்னும் யாருக்கும் போகலையே."

லிடியாவுக்கு முப்பத்தேழு வயது.

"வேற எதையாவது வச்சு நிரப்பிடலாமா? ஆபத்தில்லாத ஒண்ணா?"

"உள்ள போகும், தங்காது. ஏலக்காயும் கற்பூரமும் ஒரு நாள்ல கரைஞ்சு போயிடும். அந்தப் பூச்சிமருந்து மட்டும்தான் வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கும். அதுக்குன்னே செஞ்ச வளையம்தானே? யாருக்காகக் கேக்குறீங்க டாக்டர்?"

"ஒரு பேஷன்ட்டுக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை மலையில் மருந்தடிக்கும் நாள். விடியற்காலையில் ஜீப்புகள் வழக்கமான இடத்தில் நின்றன. கிளினிக் கதவைப் பூட்டிவிட்டு லிடியா தெருவைக் கடந்து வந்தாள். பழைய சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். எஸ்டேட்டைப் பார்வையிடப் போவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள்.

ஜீப்புக்குள் பேச்சு நின்றது. குருவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள் என்று தோன்றியது. பிறகு தன் மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த பழைய முகமூடி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வழியெல்லாம் தூசி. மேல போற வரைக்குமாவது போட்டுக்குங்க தாயி."

லிடியா அதை வாங்கி, ஒரு நிமிடம் கையில் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தாள்.

"உட்கார இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் நகர்ந்து நெருங்கினார்கள்.